ஆட்டுக்கு விட்ட முளை

"…நான் வெக்க மாட்டேன், நீங்களும் வெக்கக் கூடாது. கத்திய மொதல்ல கீழ போடுங்க. இது மேல இரும்பு பட்டுச்சின்னா, அப்பறம் இந்த வூட்டுல நடக்கறது எதுக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன், ஆமா" என்றாள் என் மனைவி.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அது. அரிசி மூட்டை வைக்கிற உள்ளறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டு சொன்னாள். அவளுக்குப் பின்னால், தரையில், ஒன்பது மண்சட்டிகளில் மக்காச்சோள முளை ஒரு சாண் உயரத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. என் கையில் காய் நறுக்குகிற கத்தி இருந்தது. கொல்லையில் செனை ஆடு காலையிலிருந்து விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்தால் என் மச்சான், இவள் தம்பி, வண்டியோடு வந்துவிடுவான். ஐந்து ஆட்டையும் ஏற்றிக்கொண்டு செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவதாக ஏற்பாடு.

தீனி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆடு பசியில் கிடக்கிறது, நடுவில் என் மனைவி நிற்கிறாள். இப்படி ஒரு இடத்துக்கு நாங்கள் வந்து சேர ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்துப் படிப்பு பத்தாவதோடு சரி, மிச்சமெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தது. செஞ்சியிலிருந்து அனந்தபுரம், மேல்சித்தாமூர் என்று போய் வந்த காலமெல்லாம் கை டிக்கெட் கிழித்ததைவிடக் காது ஜனங்களுடைய பேச்சைப் பொறுக்கியதுதான் அதிகம். மண்டகப்பட்டில் மூட்டையோடு ஏறின ஒரு அம்மா, லக்கேஜ் போடுகிறேன் என்றதும் சொன்னது இது: "ஏம்ப்பா, மூட்டைக்கு டிக்கெட் போடறியே, என் மனசுல இருக்கற பாரத்துக்கும் போட்டா உன் பஸ்ஸு தாங்குமா?" பாதிப் பேருக்கு மேல் சிரித்துவிட்டார்கள். நான் டிக்கெட் போடாமல் விட்டுவிட்டேன். இந்த மாதிரிப் பேச்சுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டில் பாதி என் மனைவி பேசியது. அது அவளுக்குத் தெரியாது.

நான் டூட்டியில் இருந்த வருஷங்களில் அவளுக்குப் பேச்சுத்துணை ஆடுகள்தான். காலையில் முதல் டிரிப்புக்குப் போனால் ராத்திரிதான் வீடு. பசங்களும் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டார்கள். கொல்லைக் கொட்டாயில் எப்போதும் நாலைந்து ஆடு கட்டியிருக்கும். அவள் அதுகளோடு பேசுகிற பேச்சை வெளியிலிருந்து கேட்டால் உள்ளே விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். "இன்னாடி, மொறைக்கற? நேத்து தின்னது போதாதா? உனக்கு மட்டும் தனியா பந்தி வெக்கணுமா?" என்று கேட்பாள். அதுவும் ஏதோ பதில் சொல்லும். நான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு, கொஞ்ச நாள் என்னோடு பேசுவது அவளுக்குப் பழக்கமாகவில்லை. நானே கொட்டாய்ப் பக்கம் போய் நின்றால்தான் பேச்சு நடந்தது.

அப்போது இருந்தது ஐந்து. தாய் ஆடு ரெண்டு, கிடா ஒன்று, போன வருஷத்துக் குட்டி ரெண்டு. தாய் ஆட்டில் ஒன்று, ஒற்றைக் காது வெள்ளை, நிறைமாதச் செனை.

மேய்ச்சலுக்கு முன்னே கஷ்டமே இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் உழாமல் கிடந்த கரம்பு இருந்தது. அது மனையாகிக் கல் நட்டு, கம்பி வேலியும் போட்டாகிவிட்டது. மலை ஓரத்தில் ஆடு விடக் கூடாது என்று ஃபாரஸ்ட்காரர்கள் முன்பே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஏரிக்கரைதான். அங்கே தொறட்டியை எடுத்துக்கொண்டு போய் வேலிமரத்துத் தழை, கொடுக்காப்புளி என்று இழுத்து ஒடித்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் கிளையை இழுக்கும்போது கரை சரிந்து விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவள் நடை நடையாக இல்லை. நான் போய்த் தழை ஒடித்தேன். எனக்குத் தொறட்டி பிடிக்கத் தெரியவில்லை. கொண்டுவந்த தழையைப் பார்த்துவிட்டு, "இது ஆடு திங்கறதா, ஆட்ட அடிக்கறதா?" என்றாள். அவ்வளவும் குச்சி.

அதற்கு ரெண்டு நாள் கழித்து, சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆட்டக் குடுத்துடலாங்க. தம்பிக்கிட்ட சொல்லிட்டா சந்தைக்கு ஏத்திக்கினு பூடுவான்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லையாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "ஒரு மாசம் குடு. வூட்டுலயே தீனி வளத்துக் காட்டறேன். நீ ஒரு அடி நடக்க வேணாம்" என்றேன்.

"எங்க வளப்பீங்க? உங்க தலையிலயா?"

"தட்டுல."

அவள் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சரி. ஒரு மாசம். ஒரே ஒரு ஆட்டுக்கு ஒரு வேளை வயிறு நெறையற மாதிரி நீங்க வளத்துக் காட்டிட்டா, அஞ்சும் இருக்கட்டும். இல்லன்னா தம்பி வண்டி எடுத்தாருவான். அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

எனக்கு இந்த யோசனை வந்தது போனில் பார்த்த ஒரு வீடியோவிலிருந்து. அதில் ஒருவர் மக்காச்சோளத்தை ஊறவைத்து, ஈரச் சாக்கில் முடிந்துவைத்து, முளை விட்டதும் தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஏழாம் நாள் பச்சைப் பாய் மாதிரி தூக்கிக் காட்டினார். மண் கிடையாது, உரம் கிடையாது. வேரும் விதையும் தழையும் சேர்த்து ஆடு மாடு கோழி எல்லாம் தின்றது. "மிக எளிது நண்பர்களே" என்று ஒவ்வொரு கட்டத்திலும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அந்த ஒரு மாதத்தில் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று தெரியாது. கடைசியில் அவர் சிரிக்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

முதல் தரம், நல்ல விதையாக இருக்கட்டும் என்று விதைக் கடைக்குப் போய்ப் பையில் அடைத்த மக்காச்சோள விதை வாங்கிவந்தேன். விதை நல்ல ரோஸ் கலரில் பளபளவென்று இருந்தது. உயர்ந்த ரகம் போல என்று நினைத்துக்கொண்டு அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி ஆனது. எதிர்வீட்டுப் பெண் ஏதோ கேட்க வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஐயோ மாமா, கைய வெக்காதீங்க! அது மருந்து போட்ட வெதை. நட்டு வெக்கறதுக்குத்தான். தின்னா ஆடு அங்கியே சாஞ்சிடும்."

அவள் கழனி வேலை தெரிந்தவள். என் மனைவியை அக்கா என்பாள், அதனால் நான் மாமா. பூச்சி, பூசணம் அரிக்காமல் இருக்க விதைக்கு மருந்து பூசி விற்பார்கள், அதற்காகத்தான் அந்த நிறம் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பை மேலே எழுதியும் இருந்தது. நான் படித்தது ரகத்தின் பெயரை மட்டும். ஆடு எட்டாத மூலையில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தேன். என் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"ஆட்ட வித்துடலாம்னு நான் சொன்னேன். நீங்க கொன்னுடலாம்னு பாக்கறீங்க" என்றாள்.

இதையும் நோட்டில் எழுதினேன்.

ரெண்டாம் தரம் தீவனக் கடைக்குப் போய், தின்பதற்கு விற்கிற மக்காச்சோளம் வாங்கினேன். அதில் மருந்து இல்லை. ஆனால் உயிரும் இல்லை. பழைய சரக்கு, பாதி உடைந்தது, மீதி வண்டு குடைந்தது. சாக்கில் முடிந்துவைத்து ரெண்டு நாள் கழித்துப் பிரித்தால் பத்துக்கு ரெண்டு முளைத்திருந்தது, மற்றதெல்லாம் கொழகொழவென்று புளித்துக் கிடந்தது. வாடை தெரு முழுக்கப் போனது.

எதிர்வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "மாமா, எத்தினி பானை ஊறல் போட்டிருக்கீங்க? எங்க வூட்டுக்காரரு காலைலேர்ந்து வேலைக்குப் போவாம உங்க வூட்டுப் பக்கமே பாத்துக்கினு குந்தியிருக்காரு."

"அவர வரச்சொல்லும்மா, வந்து குடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து. ரெண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். நான் கொழகொழப்பை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு வாரம் போய்விட்டிருந்தது.

மூன்றாம் தரம் சோளத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல். உடைந்ததைத் தள்ளி, மிதந்ததைத் தள்ளி, நல்லதை மட்டும் ஊறவைத்தேன். பிளாஸ்டிக் தட்டுகளின் அடியில் ஓட்டை போட்டுக் கொல்லைச் சுவரோரம் பலகை மேல் அடுக்கிப் பச்சை வலை கட்டினேன். ஸ்பிரேயர் கிடைக்கும்வரை கல்யாணத்தில் வைக்கிற பன்னீர்ச் சொம்பால் தெளித்தேன். ஆடுகள் ஐந்தும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. கல்யாணத்துக்கு வந்து சாப்பாடு எப்போது என்று பார்க்கிற ஜனம் மாதிரி.

முளை வந்தது. நான் குதிக்காத குறை. மூன்றாம் நாள் கரண்ட் போய் மோட்டார் ஓடவில்லை, தெளிக்கத் தண்ணீர் இல்லை, தட்டு காய்ந்துவிட்டது. பயத்தில் மறுநாள் காலையிலிருந்து மாலைவரை கொட்டித் தீர்த்தேன். ஐந்தாம் நாள் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தால், மேலே பச்சை, அடியில் வெள்ளை வெளேரென்று தாடி. எல்லாத் தட்டிலும் பூசணம். கழுவிப் பார்த்தேன். வெயிலில் காட்டிப் பார்த்தேன். கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டேன். "அத மட்டும் போட்டுடாதீங்க, செனை ஆடுன்னு வேற சொல்றீங்க. அடுத்த தடவை தண்ணிய அளவா தெளிங்க. நல்லா வந்தாலும் எடுத்ததும் நெறைய போடாம கொஞ்சமா ஆரம்பிங்க" என்றார்கள். நான் திரும்பி வருவதற்குள் ஒற்றைக் காது வெள்ளை கயிறு எட்டுகிறவரை வந்து தட்டை மோந்து பார்த்து, தும்மி, எனக்குப் பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி நின்றிருந்தது.

"சில்லறை இல்லன்னு நீங்க எத்தினி பேர எறக்கி விட்டிருப்பீங்க? அது உங்கள எறக்கி விட்டுடுச்சு பாருங்க" என்றாள் என் மனைவி.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. தட்டுகளை எல்லாம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, "எடுத்தாரச் சொல்லு உன் தம்பிய வண்டிய" என்று கத்திவிட்டேன். கத்தியது அவளைப் பார்த்து. கோபம் அந்தச் சிரிக்கிற மனிதர் மேல், கரண்ட் மேல், கரம்பில் கல் நட்டவர்கள் மேல், பை மேலே எழுதியிருந்ததைப் படிக்காத என் மேல்.

அவள் பூசணத்தைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். கீழே போட்டுவிட்டு, "முளை விடறதுக்கு எங்களுக்குப் பாடம் எடுக்கறாரு, அந்த போனுக்குள்ள இருக்கறவரு" என்றாள். "ஒரு வாரம் இருக்குதில்ல? தள்ளுங்க. நான் விடறேன்."

அவள் பிறந்த ஊர் அனந்தபுரத்துக்குப் பக்கம். இந்தப் பக்கத்தில் எல்லாக் கோயிலிலும் கிடையாது, அவர்கள் ஊர் அம்மன் திருவிழாவில் முளைப்பாரி உண்டு. ஒன்பது தானியத்தை ஊறவைத்துச் சட்டியில் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துப் பெண்கள் குளித்துச் சுத்தமாகத் தண்ணீர் தெளிப்பார்கள். யாரும் செருப்போடு உள்ளே போகக் கூடாது. வளர்ந்ததும் தலையில் வைத்து ஊர்வலம் போய் அம்மனுக்குக் காட்டி ஏரியில் கரைப்பார்கள். முளை எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வருஷா வருஷம் முளை விட்டவள் அவள். அவள் விட்ட சட்டி ஒரு தரமும் கருகியதில்லையாம்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆட்டுக்குத்தானே விடுகிறாள் என்று இருந்துவிட்டேன். பிசகு அங்கேதான் ஆரம்பம்.

தம்பி நிலத்தில் விளைந்து கதிரோடு காயவைத்த சோளத்தைச் சொல்லி அனுப்பி வாங்கினாள். பிளாஸ்டிக் தட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லி அகலமான மண்சட்டி ஒன்பது வாங்கிவரச் சொன்னாள். எரு போடுவேன் என்றாள். ஆடு தின்பது, எரு வேண்டாம் என்று கெஞ்சி வைக்கோல் மட்டும் பரப்ப ஒப்புக்கொள்ள வைத்தேன். சோளத்தோடு பச்சைப்பயறு, காராமணி, எள்ளு, கேழ்வரகு என்று மற்ற எட்டையும் ஒரு பிடி ஒரு பிடி கலந்தாள்.

"எதுக்கு இதெல்லாம்? ஆட்டுக்குச் சோளம் போதாதா?"

"ஒம்போது இல்லாம யாராவது முளை விடுவாங்களா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆட்டுக்கு நல்லதுதானே என்றுகூட நினைத்தேன்.

முதல் நாள் குளித்துவிட்டு வந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்து தூவினாள். மறுநாள், நான் செருப்போடு அறையில் கால் வைத்ததற்குச் சத்தம் போட்டாள். பூசணம் செருப்பில்கூட வரும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். குளிக்காமல் எட்டிப் பார்க்கக் கூடாது என்றாள். சரி, சுத்தம் நல்லதுதானே என்றேன். அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வீடியோவிலிருந்து ஒரு காரணம் இருந்தது. அதனால் ரெண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு மெதுவாக எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தானியத்தின் முனையிலும் வெள்ளைப் பல் மாதிரி முளை. கெட்டது ஒன்றுகூட இல்லை. வாடை இல்லை. ஈர மண்சட்டி வாசனை மட்டும் வந்தது. மூன்று வாரம் பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது. என்னையறியாமல் கையைக் கூப்பி, வாய்விட்டு, "தாயே, இந்தத் தடவையாவது நல்லபடியா வளந்து வந்துடணும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பின்னால்தான் நின்றிருந்தாள். போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து ஒன்பது சட்டிக்கும் பொட்டு வைத்தாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொட்டு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு வெளிச்சத்துக்காகச் சண்டை. ஆட்டுக்குப் பச்சைதான் சத்து, ஜன்னலைத் திற என்றேன். வெளிச்சம் பட்டால் முளை நேராக வராது, மஞ்சளாக இருப்பதுதான் லட்சணம் என்றாள். "நீங்க கண்டக்டரு, விசில் அடிச்சா வண்டி போவும். முளை போவாது" என்றாள். கடைசி ரெண்டு நாள் ஜன்னலை ஒரு விரக்கடை திறந்துவைக்கச் சம்மதித்தாள். இடையில் எதிர்வீட்டுப் பெண் தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு வந்து பார்த்தாள். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சட்டிகளைச் சுற்றி ரெண்டு சுற்று, மெதுவாக, சத்தமில்லாமல் கும்மி தட்டிவிட்டு, "அக்கா, எனக்கு ஒரு சட்டி குடுக்கா. ஏரில நானே எடுத்துக்கினு போய்க் கரைச்சிட்டு வரேன்" என்றாள்.

"கரைக்கறதா? ஆட்டுக்கும்மா இது" என்றேன் நான்.

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலில் பீடி பற்றவைத்தவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து மழை. விடாத மழை. தழை ஒடிக்கப் போக முடியவில்லை. கொட்டாயில் போட்டு வைத்திருந்த கடலைக்கொடி நனைந்து கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டது. வைக்கோலை மற்ற நாலும் வேண்டாவெறுப்பாக மென்றன. ஒற்றைக் காது வெள்ளை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிறு கீழே இறங்கி, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. வியாழக்கிழமை காலையிலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தது. மத்தியானம் மச்சான் போன் பண்ணினான். "மாமா, காலைல அஞ்சரைக்கு வந்துடறேன். ஆட்டுக்கு இன்னிக்குத் தீனி நல்லா போட்டு வைங்க, சந்தைல வயிறு ஒட்டிப்போயி நிக்கக் கூடாது" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மழை விட்டது. அன்றைக்கு ஏழாம் நாள். உள்ளறைக்குப் போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு முளையை நான் வீடியோவில்கூடப் பார்த்ததில்லை. அடியில் மஞ்சள், நுனியில் பச்சை, ஒரே உயரம், வேர் பின்னிச் சட்டியோடு கெட்டியாக நின்றது. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று அதைக் கேட்கத் தோன்றியது. அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்து வந்தேன், ஒரு சட்டியில் பாதியை அறுத்தால் முதலில் ஒற்றைக் காதுக்குக் கொஞ்சம் போடலாம் என்று.

அவள் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"இன்னா பண்ணப் போறீங்க?"

"அறுத்து ஆட்டுக்குப் போடப் போறேன். இதுக்குத்தான வளத்தோம்?"

"விட்டது ஆட்டுக்குத்தான். வளந்தது யாருக்கு? தாயேன்னு கையெடுத்துக் கும்பிட்டது யாரு, நானா நீங்களா? வேண்டிக்கினு வாங்கின பயிர அறுத்து ஆட்டு வாயில போடுவீங்களா?"

"ஏதோ ஆத்தாமைல சொன்னேம்மே அது."

"வேண்டுதல் எல்லாம் ஆத்தாமைலதான் வரும். சந்தோசத்துல யாரு வேண்டிப்பாங்க?"

முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனையோ வாய்களுக்கு ஈடு கொடுத்திருக்கிறேன். இதற்கு ஒன்றும் வரவில்லை. உண்மையில் அவள் சொன்னது எனக்கும் உள்ளே எங்கேயோ பட்டது. அன்றைக்குக் காலையில் நான் விளையாட்டுக்குக் கையைக் கூப்பவில்லை. ஆனால் கேட்டது எதற்காக? இவளுடைய ஆடு இவளோடு இருக்க வேண்டும் என்றுதானே கேட்டேன்?

"அப்ப காலைல தம்பி வரட்டும். ஆடு சந்தைக்குப் போவட்டும், இது ஏரிக்குப் போவட்டும். நாம ரெண்டு பேரும் காலி சட்டிய வெச்சிக்கினு குந்தியிருப்போம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"ஏன், வேற யாராவது வந்து தின்னட்டுமே. நான் வேணாம்னா சொன்னேன்? கையால குடுக்க மாட்டேன்னுதான் சொல்றேன். அறுத்து ஒரு இணுக்கு எடுத்து வெக்கறதுன்னா…" என்று ஆரம்பித்து, நான் முதலில் எழுதினேனே, அதைச் சொல்லி முடித்தாள். நான் வெக்க மாட்டேன், நீங்களும் வெக்கக் கூடாது, கத்திய கீழ போடுங்க.

கத்தியைக் கீழே போட்டேன்.

கொட்டாயில் ஆடு மறுபடி குரல் கொடுத்தது. இந்த முறை நீளமாக. அவள் கத்தியைத் தாண்டி, நொண்டிக்கொண்டே கொல்லைக்குப் போனாள். ஒற்றைக் காது வெள்ளையின் கயிற்றை முளைக்குச்சியிலிருந்து அவிழ்த்து அதன் கழுத்திலேயே சுற்றிவிட்டாள். கொல்லைக் கதவை ரெண்டு பக்கமும் நன்றாகத் தள்ளித் திறந்து வைத்தாள். ஆட்டைப் பார்க்கவில்லை, வா என்று கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் உள்ளறையையும் கடந்து அடுப்படிக்குப் போய்ப் போனை எடுத்தாள். "தம்பி, காலைல வராத. வண்டி வேணாம். ஏன்னு கேக்காத, சொல்லிட்டேன், வெய்யி" என்றாள். அதற்குள் குளம்புச் சத்தம் கொல்லைப்படி ஏறிவிட்டிருந்தது. அவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தொட்டியில் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி உருட்டி உருட்டிக் கழுவ ஆரம்பித்தாள்.